தரைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் வாங்குவது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் டைல்ஸ் காலத்துக்கு முந்தியவர்கள். இன்று இருந்திருந்தால் "தரை போட்டுப் பார்" என்பதையும் சேர்த்திருப்பார்கள்!

காரணம் இருக்கிறது. அஸ்திவாரம், சுவர், கான்கிரீட், பூச்சு எல்லாம் முடிந்து கடைசியில் வருவது தரை. வங்கிக் கடனின் கடைசித் தவணையும் அப்போதுதான் கையில் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது, நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். கிரகப்பிரவேசத் தேதி குறித்துப் பத்திரிகைகூட அடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் மேஸ்திரி வந்து "சார், நாலு கல் பத்தலை" என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?

முன்பெல்லாம் மேஸ்திரி அறைக்குள் நடந்து பார்த்து, கையால் ஒரு அளவு போட்டு, "இத்தனை பெட்டி வாங்கிடுங்க" என்பார். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. பொறியாளரின் லேப்டாப்பில் ஒரு எக்செல் கோப்பு, கடைக்காரரின் மேஜையில் ஒரு மென்பொருள், வீட்டுக்காரரின் மகன் கையில் ஒரு செல்போன் செயலி. மூன்றிலும் நீளம், அகலம் கொடுத்தால் ஒரே நொடியில் விடை வரும். வேடிக்கை என்னவென்றால், மூன்றும் வேறு வேறு விடை சொல்லும். மேஸ்திரி நாலாவதாக ஒன்று சொல்வார். யாரை நம்புவது?

இதைப் புரிந்துகொள்ள பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

ரெண்டுக்கு ரெண்டு என்பது ரெண்டுக்கு ரெண்டு அல்ல

கடையில் "2க்கு 2 டைல்ஸ்" என்று கேட்டு வாங்குகிறோம். பெட்டியில் அச்சாகியிருப்பது 600 மி.மீ. x 600 மி.மீ. ஆனால் இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. ஒரு கல்லுக்கு ஒரு பக்கம் ஒன்பதரை மில்லிமீட்டர் குறைகிறது. இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். பெட்டிக் கணக்கில் பாருங்கள்.

ஒரு பெட்டியில் நான்கு கற்கள். அடிக் கணக்கில் 16 சதுர அடி. உண்மையில் 1.44 சதுர மீட்டர், அதாவது சுமார் 15.5 சதுர அடி. 1000 சதுர அடித் தரையை 16ஆல் வகுத்தால் 63 பெட்டி. 15.5ஆல் வகுத்தால் 65 பெட்டி. எந்த மென்பொருளும் தப்புச் செய்யவில்லை. ஒன்றில் யாரோ 16 என்று எழுதிவைத்திருக்கிறார், இன்னொன்றில் 15.5. இரண்டு பெட்டி, அதாவது எட்டுக் கல், வகுத்தலிலேயே காணாமல் போகிறது.

அடுத்த ஓட்டை அங்குலத்தில். பத்து அடி ஆறு அங்குலத்தை எக்செல்லில் 10.6 என்று அடிப்பவர்கள் ஏராளம். சரியானது 10.5. இதில் கொஞ்சம் கூடுதலாக வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. பத்து அடி பத்து அங்குலம் வரும்போதுதான் வினை. 10.10 என்று அடித்தால் கணினிக்கு அது 10.1. உண்மையான அளவு 10.83. 12 அடி 10 அங்குலம், 10 அடி 10 அங்குலம் உள்ள ஒரு படுக்கையறையை இப்படி அடித்தால் 122 சதுர அடி வரும். சரியான விடை 139. ஒரே அறையில் 17 சதுர அடி, ஒரு பெட்டிக்கு மேலே அவுட்! கணினி ஒரு கேள்வியும் கேட்காது. பத்து ரூபாய்க்குக் காலண்டர் அட்டையில் கணக்குப் போடும் மேஸ்திரி இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அவர் மனசில் அடியும் அங்குலமும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

தீர்வு சுலபம். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம், மூன்றாவது கட்டத்தில் அங்குலத்தை 12ஆல் வகுத்துக் கூட்டச் சொல்ல வேண்டும். அல்லது டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து மில்லிமீட்டரிலேயே எழுதிவிட வேண்டும். டைல்ஸ் பிறப்பதே மில்லிமீட்டரில்தானே.

ஒரே அறை, மூன்று விடை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பத்துக்குப் பத்து அறை ஒன்று. மி.மீ. கணக்கில் 3048க்கு 3048. சுவர் ஓரம் ஓட்டும் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங்கும் அதே கல்லில்தான். மூன்று அடி வாசல் ஒன்று.

பரப்பளவு மட்டும் தெரிந்த மென்பொருள் இப்படிப் போடும்: தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் சேர்த்து 29 கல், பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 32. ஆக எட்டுப் பெட்டி. விஷயம் முடிந்தது.

மேஸ்திரிக்கு விஷயம் இப்போதுதான் தொடங்குகிறது. ஏனென்றால் கல்லை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

முதல் வழி: வாசல் பக்க மூலையிலிருந்து முழுக் கல்லாக ஆரம்பிப்பது. ஐந்து கல் வைத்தால் 3000 மி.மீ. போய்விடும். எதிர்ப்பக்கம் 48 மி.மீ. மிச்சம், அதாவது இரண்டு விரல் அகலம். அதற்கு ரிப்பன் மாதிரி துண்டு வெட்ட வேண்டும். வெட்டும்போதே பாதி உடையும். ஒன்றும் உடையாமல் வெட்டினால் தரைக்கு 26, ஸ்கர்ட்டிங்குக்கு 4, மொத்தம் 30 கல். எட்டுப் பெட்டி போதும். ஆனால் அறைக்குள் நுழைபவர் கண்ணில் அந்த ரிப்பன் உறுத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி: நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் சமமாக வெட்டுவது. நடுவில் நான்கு முழுக் கல், இரு ஓரங்களிலும் 324 மி.மீ. துண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 324 என்பது பாதிக்கு மேல். ஒரு கல்லில் ஒரு துண்டுதான் எடுக்க முடியும், மிச்சம் 276 மி.மீ. இன்னொரு ஓரத்துக்கு உதவாது. ஆக வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, மொத்தம் 36 கல். ஒன்பது பெட்டி! ஸ்கர்ட்டிங் மட்டும் அந்த 276 மி.மீ. துண்டுகளிலேயே வந்துவிடும், தனியாகக் கல் வேண்டாம். பத்து சதவீதம் சேர்த்து வாங்கிய 32 கல் இங்கே பத்தாது. நாலு கல் குறையும்.

மூன்றாவது வழி, அனுபவசாலியின் வழி: ஐந்து கல்லையும் நடுவில் வைத்து, இடையில் 3 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 3012 மி.மீ. ஆகிவிடும். மிச்சம் 36. அதைப் பாதியாக்கி இரு ஓரங்களிலும் 18, 18 என்று விட்டுவிடுவது. ஸ்கர்ட்டிங் கல்லின் கனமும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் சேர்ந்து அந்த 18 மில்லிமீட்டரை மூடிவிடும். வெட்டே இல்லை! தரைக்கு 25, ஸ்கர்ட்டிங்குக்கு 4, மொத்தம் 29. சுவரைக் கொத்தி ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு சமமாக உட்காரவைக்கிறவர்களுக்கு இந்த வழி கிடையாது, அது வேறு விஷயம்.

ஆக ஒரே அறைக்கு 30, 36, 29 என்று மூன்று விடை. மூன்றும் சரி. அறையின் பரப்பளவு மாறவில்லை, கல் மாறவில்லை. மாறியது மேஸ்திரி முதல் கல்லை வைத்த இடம் மட்டும்தான். சேதாரம் ஐந்து சதவீதமா, பத்தா, பதினைந்தா என்று வாதாடுவதில் பயனில்லை. சதவீதம் என்பது "எங்கிருந்து ஆரம்பிப்பது" என்ற கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போவதற்கான ஒரு வழி.

வெட்டுக் கணக்குக்கு நோபல் பரிசு

இந்த வெட்டும் கணக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சோவியத் கணித மேதை லியோனிட் கன்டரோவிச் 1939இல் வெளியிட்ட நூலில், பெரிய தகட்டை வெட்டும்போது சேதாரத்தைக் குறைப்பது எப்படி என்ற கணக்கும் இருந்தது. அவரை அந்தப் பக்கம் இழுத்ததே ஒட்டுப்பலகைத் தொழிலில் இருந்து வந்த ஒரு கேள்விதான். அந்தத் துறையில் செய்த பணிகளுக்காக 1975இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1961இல் கில்மோர், கோமரி என்ற இருவர் இதே கணக்கைக் கணினியில் வேகமாகத் தீர்க்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவில் தரைக்கென்றே தனி மென்பொருள்கள் வளர்ந்ததற்குக் காரணம் கார்ப்பெட். அங்கே கார்ப்பெட் பெரும்பாலும் 12 அடி அகலச் சுருளாக வரும். 13 அடி அகல அறை என்றால் ஒரு அடிக்காக ஒட்டுப் போட்டாக வேண்டும். ஒட்டு எங்கே விழுகிறது, மிஞ்சும் துண்டை எந்த அறையில் போடுவது என்பதைப் படம் வரைந்து காட்டும் மென்பொருள் இல்லாமல் பெரிய வேலை எடுப்பது கஷ்டம்.

நம்மூரில் கதை வேறு. 1982இல் வந்த ஆட்டோகேட்டில் அறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தால் பரப்பளவு வந்துவிடும். 2000இல் வந்த ரெவிட்டில் கட்டடத்தையே முப்பரிமாணத்தில் கட்டி, எந்தப் பொருள் எவ்வளவு என்று பட்டியல் எடுக்கலாம். ஆனால் தனி வீடு கட்டும் இடங்களில் பெரும்பாலும் ஓடுவது எக்செல்தான். அதில் தப்பில்லை. கல்லின் மேல் கல்லாகப் படம் போட்டுப் பார்க்கும் வசதி அதில் இல்லை என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

படம் போடும் மென்பொருளும் சில விஷயங்களைச் சொல்லாது. மிஞ்சிய துண்டை இன்னொரு அறைக்கு அது கணக்காகத் தூக்கிப் போடும். ஆனால் அந்தத் துண்டுக்கு ஒரு பக்கம் ஃபேக்டரி ஓரம், இன்னொரு பக்கம் மிஷினில் வெட்டிய ஓரம். வெட்டிய ஓரம் சுவர்ப் பக்கம்தான் போக வேண்டும். பளிங்கு மாதிரி ரேகை ஓடும் கல் என்றால் துண்டைத் திருப்பியும் வைக்க முடியாது. முதல் மாடியில் திங்கட்கிழமை மிஞ்சிய துண்டு கீழே வியாழக்கிழமை வரை உடையாமல் இருக்க வேண்டும். மென்பொருளில் துண்டுகள் உடைவதில்லை!

பிளானில் இருக்கும் அறையும் கட்டிய அறையும்

வரைபடத்தில் எல்லா மூலையும் 90 பாகை. கட்டிய வீட்டில் அப்படி இருக்காது. பூச்சு இரண்டு பக்கமும் அரை அங்குலம் தின்றிருக்கும். ஒரு சுவர் இந்தக் கோடியில் பத்தடி, அந்தக் கோடியில் பத்தடி ஒரு அங்குலம் என்று ஓடியிருக்கும். அதனால் பிளானைப் பார்த்து எடுத்த கணக்கு தோராயக் கணக்குதான். பூச்சு முடிந்தபின் ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களும் மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அறை நேராக இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூலைவிட்டம் சுமார் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். லேசர் அளவுமானி இருந்தால் ஐந்து நிமிட வேலை. செல்போன் கேமராவால் அளக்கும் செயலிகள் ஆசைக்கு நன்றாக இருக்கும், கல் வாங்கும் அளவுக்கு நம்ப வேண்டாம்.

கலவைக் கணக்கில் இதைவிடப் பெரிய ஓட்டை. 1000 சதுர அடிக்கு 40 மி.மீ. கனத்தில் 1:6 கலவை என்றால் சுமார் 20 மூட்டை சிமென்ட், ஒன்றரை யூனிட் மணல் ஆகும். (ஈரக் கலவையின் கன அளவை 1.33ஆல் பெருக்கி, ஏழு பங்காகப் பிரித்தால் இந்த விடை வரும்.) அடியில் இருக்கும் கான்கிரீட் மேடு பள்ளமாக இருந்து சராசரிக் கனம் 50 மி.மீ. ஆகிவிட்டால்? 25 மூட்டை, மணல் இரண்டு யூனிட்டுக்குப் பக்கம். கால் பங்கு செலவு கூடியது வெறும் 10 மில்லிமீட்டரில். பரப்பளவு கேட்கும் மென்பொருள்களில் பல, கனத்துக்குத் தானாகவே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். ரசமட்டமோ டியூப் லெவலோ வைத்துத் தரையை நாலு இடத்தில் பார்த்தவருக்குத்தான் உண்மையான எண் தெரியும்.

நாலு கல் குறைந்தால் என்ன ஆகும்?

இன்னொரு பெட்டி வாங்கினால் போகிறது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. மண் கலவையிலும் சூளைச் சூட்டிலும் வரும் சின்ன மாற்றத்தால் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிறம் இம்மியளவு மாறும். அதனால்தான் பெட்டியின் மேல் தொகுதி எண்ணும் நிற எண்ணும் அச்சிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே பெயர், அதே மாடல் கேட்டு வாங்கினாலும் நிற எண் வேறாக இருக்கலாம். கையில் பிடித்தால் தெரியாது. ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சம் விழும்போது பளிச்சென்று தெரியும்.

பணமும் நிறமும் போகட்டும். அதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. கல் குறைந்தவுடன் பழி யார் மேல் விழுகிறது? கணினி 32 என்று சொன்னது, 32 வாங்கியாயிற்று, குறைகிறது என்றால் மேஸ்திரி உடைத்திருக்க வேண்டும். அல்லது... வெளியே சொல்லாவிட்டாலும் மனசுக்குள் அந்த இன்னொரு சந்தேகமும் வரும். அச்சடித்த தாளுக்கு இருக்கும் மரியாதை, அழுக்கு லுங்கி கட்டிய மனிதரின் வார்த்தைக்கு இருப்பதில்லை. மேலே பார்த்த அறையில் "நடுவிலிருந்து அழகாக வை" என்று சொன்னவர் வீட்டுக்காரர்தான். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு கல் கூடுதல் விலை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கல் வரும்வரை மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் வேலை இல்லை, அன்றைய கூலி இல்லை. தாளில் இருந்த எண்ணுக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தயாரிக்கும் கல் அது. பார்டர் கல் எத்தனை, மூலைக் கல் எத்தனை, நடுக்கல் எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க முடியும். குறைந்தால் மறுபடி வார்த்து, ஊறி, காயும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே முதலில் படம், பிறகுதான் எண்.

என்ன செய்யலாம்?

1. பூச்சு முடிந்தபின் அளக்கவும். மில்லிமீட்டரில் எழுதவும். மூலைவிட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

2. பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர மீட்டரை வைத்து வகுக்கவும். வாய்க்கணக்கு வேண்டாம்.

3. எக்செல் கட்டங்களையே கற்களாக நினைத்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு படம் போடவும். கட்டம் போட்ட நோட்டு இருந்தாலும் போதும்.

4. அந்தப் படத்தை மேஸ்திரியிடம் காட்டி, முதல் கல் எங்கே என்று கேட்கவும். அவர் சொல்கிற இடத்தை மாற்றிப் போட்டு எண்ணிப் பார்க்கவும். அழகுக்காக எத்தனை கல் கூடுகிறது என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லவும்.

5. உடைவதற்கு என்று தனியாகச் சில கற்கள் சேர்க்கவும். பின்னால் குழாய் வேலைக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் உதவும்படி ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வைக்கவும்.

6. எல்லாப் பெட்டியையும் ஒரே தடவையில் வாங்கவும். இறக்கும்போதே நிற எண்ணைப் பார்க்கவும். திறக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்கவும்.

நாலாவதுதான் பலரும் விடுவது. சிவில் படிக்கிற நண்பர்கள் அடுத்த சைட் விசிட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதலில் மென்பொருளில் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள். பிறகு டைல்ஸ் மேஸ்திரியிடம் போய், "அண்ணே, இந்த ரூமுக்கு எத்தனை கல் ஆகும்?" என்று கேளுங்கள். அவர் உடனே எண் சொல்ல மாட்டார். "எந்தப் பக்கம்பா வாசல் வருது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்கள் எக்செல்லில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.